ஜமீர் அகமது அச்சிட்ட கையெழுத்து

ஓசூர் சிப்காட்டில் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் ஏதாவது ஒரு இயந்திரத்தின் மேல் ஜமீர் அகமதுவின் வேலை ஒட்டியிருந்த காலம் ஒன்று உண்டு. மோட்டாரின் குதிரைத்திறன், பம்பின் வரிசை எண், எந்தப் பக்கம் திருப்பினால் ஓடும், எந்தப் பக்கம் திருப்பினால் நிற்கும் என்பதெல்லாம் அச்சிட்ட சின்னச் சின்ன அலுமினியத் தகடுகள். அவருடைய பெயர் எதிலும் இருக்காது. நான் அப்போது ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். பன்னிரண்டு வருடம் அவரிடம் தகடு வாங்கினேன். அவரைப் பெரிய மனிதர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பெரும்பாலான நாட்களில் அவரும் நம்மைப் போன்றவர்தான். ஒரு வாரம் மட்டும் அவருக்குச் சிரமமாக இருந்தது. அந்த வாரத்தைப் பற்றி அவர் சொன்னதையும், மற்றவர்களிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியில் பிறந்தவர். தகப்பனார் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுக் கயிறும் மணியும் விற்றவர். மகன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, எழுபத்தெட்டில் பெங்களூரில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் சேர்ந்தார். ஆறு வருடம் தினமும் காலை முதல் பஸ்ஸில் போய் ராத்திரி திரும்பினார். எண்பத்து நாலில் ஓசூர் பாகலூர் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு அறையைப் பிடித்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி இருக்கும். ஓட்டலில் மெனு அட்டையைக்கூட அதை வைத்துப் பார்ப்பார், எழுத்தின் ஓரம் சுத்தமாக விழுந்திருக்கிறதா என்று.

ஒருமுறை பம்ப் ரிப்பேர் செய்கிற ஒருவர் வந்து, மூன்று குதிரைத்திறன் மோட்டாருக்கு ஐந்து என்று தகடு போடச் சொன்னார். ஜமீர் மறுத்துவிட்டார். "தகட்டை நம்பித்தான் விவசாயி கிணத்துல இறக்கறான். உள்ள இருக்கறதைத்தான் வெளிய எழுதணும்" என்று சொல்லி அனுப்பினார். இந்தக் கதையை என்னிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டினேன். ஆனால் ஒரு கோரிக்கையை மறுத்ததை நாலு தடவை சொல்கிற மனிதர், மறுக்காமல் விட்டதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

மறுக்காமல் விட்டது கையெழுத்து விஷயம்.

தொண்ணூற்று மூன்றில் அது ஆரம்பித்தது. பிரஸ் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் வெள்ளைச்சாமி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், அந்தத் தொழிற்சாலையின் ஸ்போர்ட்ஸ் கிளப் செயலாளரும் அவர்தான். பெங்களூரில் ஒருநாள் மேட்ச் நடந்தபோது ஒரு ஓட்டல் வாசலில் ஐந்து மணி நேரம் நின்று, அன்றைக்கு நாடே பேசிக்கொண்டிருந்த ஒரு பேட்ஸ்மேனிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். பையில் வேறு காகிதம் இல்லாததால் கம்பெனி லீவ் ஃபாரத்தின் பின்பக்கம் நீட்டியிருக்கிறார். அந்த வீரரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

கம்பெனிகளுக்கு இடையிலான போட்டிக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்று வெள்ளைச்சாமி அந்த லீவ் ஃபாரத்தை ஜமீரிடம் எடுத்துக்கொண்டு வந்தார். ஜமீர் அதைப் படமெடுத்து, ஃபிலிம் ஆக்கி, சல்லடைத் துணியில் ஏற்றி, கம்பெனிப் பேர் ஒட்டாத காஷ்மீர் கிரிக்கெட் மட்டைகளில் கருநீல மையில் அச்சிட்டார். மட்டையின் முதுகில் ஒரு லேபிள்: 'இது அச்சுப் பிரதி. கையால் இட்ட கையெழுத்து அல்ல.' பதினாறு மட்டைகள். பரிசு வாங்கியவர்களுக்குச் சந்தோஷம். பெங்களூரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு மாதம் இருபது கேட்டார். அடுத்த வருடம் ஒரு விளையாட்டு வார இதழில் ஜமீர் சின்ன விளம்பரம் கொடுத்தார். பட்டுக்கோட்டையிலிருந்தும் கரூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கடிதம் வந்தது. தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி.பி.யில் மட்டைகள் போயின.

அந்த வீரரின் அனுமதி வேண்டாமா என்று நான் கேட்டேன். கிரிக்கெட் சங்கத்தின் முகவரிக்குக் கடிதம் எழுதியதாகவும் பதில் வரவில்லை என்றும் சொன்னார். பதில் வராததை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். "பெரிய கம்பெனி மட்டையிலயே கையெழுத்து அச்சடிச்சுத்தானே விக்கறாங்க சார்" என்றார். அவர்கள் ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுத்து அச்சிடுகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மேலே பேசவில்லை. எங்கள் கம்பெனித் தகடுகளை அவர் நேரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். சல்லடையில் சில சமயம் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழும். அதன் வழியாக மை இறங்கி, இருக்கக் கூடாத இடத்தில் ஒரு புள்ளி விழும். தகடு வேலையில் அப்படி ஒரு ஓட்டை விழுந்தால் ஜமீர் தூரிகையால் தொட்டு அடைத்த பிறகுதான் அச்சுக்கு வைப்பார். கையெழுத்துச் சல்லடையில் மூன்றாவது எழுத்துக்குக் கீழே அப்படி ஒரு ஓட்டை விழுந்தது. பார்த்தார். எழுதியவர் பேனாவை ஒரு நொடி ஊன்றி எடுத்த மாதிரி இருந்தது. நிஜம் மாதிரி இருந்தது. அடைக்காமல் விட்டுவிட்டார்.

இரண்டாவது, லேபிள் ஒட்டிய பசை. தகட்டுக்குப் பின்னால் போடுகிற பசையைப் போட்டால் உளி வைத்துப் பெயர்த்தாலும் வராது. பெங்களூர்க் கடைக்காரர், முதுகு அழுக்காகிறது என்று குறை சொன்னார். அதனால் மைதா மாவைக் காய்ச்சி ஒட்டினார்கள். ஒட்டுவது என் கடமை, பிய்ப்பது அவர்கள் இஷ்டம் என்று ஜமீர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒரு பொருள் தன் கையை விட்டுப் போன பிறகு அது சொல்லும் பொய்க்குச் செய்தவன் எவ்வளவு தூரம் பொறுப்பு என்ற கேள்விக்கு நானும் இன்றுவரை உறுதியான பதில் வைத்திருக்கவில்லை. ஆனால் பசையைத் தேர்ந்தெடுக்கும்போது பொருள் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்த தொண்ணூற்று ஆறில், வெள்ளைச்சாமியின் தொழிற்சாலையில் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் சென்றாயன் என்பவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. சானமாவுக் காட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். கான்ட்ராக்ட் ஆள். மூட்டை தூக்க வந்தவரை அன்று ஆள் குறைவென்று பிரஸ்ஸில் நிறுத்தியிருக்கிறார்கள். சிகிச்சைக்கு உதவ வேண்டும் என்று ஸ்போர்ட்ஸ் கிளப் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்சிப் போட்டி வைத்தது. கடைசியில் ஏலம். அந்த பேட்ஸ்மேன் தன் கையால் கையெழுத்துப் போட்ட மட்டை என்று வெள்ளைச்சாமி மைக்கில் அறிவித்தார். கட்டுப்போட்ட கையோடு சென்றாயனை மேடையில் உட்காரவைத்திருந்தார்கள். விலை ஏறிக்கொண்டே போனது. பதினோராயிரத்துக்கு நாராயணப்பன் எடுத்தார்.

நாராயணப்பன் ஓசூருக்குப் பக்கத்து விவசாயக் குடும்பம். தொழிற்பேட்டை வளர்ந்தபோது நிலத்தில் பாதியை விற்று, ஏழு லாரியும் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபமும் வாங்கினவர். கிரிக்கெட் பைத்தியம். ஏலம் முடிந்த மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, அந்த மட்டையை ஒரு ஜரிகைத் துண்டில் சுற்றி ஜமீரின் கடைக்கே கொண்டுவந்தார்.

"பாய், பித்தளையில ஒரு பிளேட் போடணும். அலுமினியம் வேணாம். விளக்கு போட்டா தங்கம் மாதிரி மின்னணும்."

"என்னா எழுதணும்ணா?"

நாராயணப்பன் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். 'இந்திய அணி வீரர் தம் கையால் கையெழுத்திட்ட மட்டை. ஏலத்தில் பெற்றவர் ப. நாராயணப்பன்' என்று தமிழிலும், கீழே கன்னடத்திலும் எழுதியிருந்தது.

"கன்னடம் என்னாத்துக்குண்ணா?"

"என் மச்சானுங்க எல்லாம் அத்திப்பள்ளிக்காரனுங்க. அவனுங்க படிச்சு வயிறு எரியணுமில்ல?"

ஜமீர் சிரித்துக்கொண்டே துண்டைப் பிரித்தார். மட்டையைப் பார்த்ததும் கை தானாகப் பூதக்கண்ணாடியைத் தேடியது. மூன்றாவது எழுத்துக்குக் கீழே அந்தப் புள்ளி இருந்தது. திருப்பிப் பார்த்தார். முதுகில் லேபிள் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"என்னா பாய், அடகுக்கடை சேட்டு மாதிரி கண்ணாடி வச்சுப் பார்க்கற?"

"பிளேட்டுக்கு அளவு பார்க்கறேன்ணா."

"பாரு, பாரு. வெள்ளிக்கிழமை வேணும். ஞாயித்துக்கிழமை மண்டபத்துல மச்சான் வீட்டு நிச்சயம். வர்றவன் அத்தனை பேரும் இதைத் தாண்டித்தான் சாப்பாட்டுக்குப் போகணும்."

அளவு பார்க்கிறேன் என்று சொன்னதுதான் இந்த விஷயத்தில் தான் வாயால் சொன்ன முதல் பொய் என்று ஜமீர் பிறகு என்னிடம் சொன்னார். 'வாயால்' என்ற வார்த்தையை அவரே சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி முனவர் பேகத்திடம் சொன்னார்.

"அசலான்னு உங்களைக் கேட்டாரா?" என்றார் அவர்.

"கேக்கலை."

"கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதிலு? அந்தக் காசு விரல் போனவன் வீட்டுக்குத்தானே போச்சு? நம்ம வீட்டுக்கா வந்துச்சு?"

"கேக்கலைதான். எழுதச் சொல்றாரே. எழுதினா நான் சொன்ன மாதிரிதானே?"

முனவர் பேகம் வேறு வழி சொன்னார். "பித்தளை தீர்ந்து போச்சுன்னு சொல்லிடுங்க."

இதைச் சொல்லும்போது ஜமீர் சிரிக்கவில்லை. அன்று முழுக்க அந்த யோசனையை உண்மையாகவே எடை போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். பித்தளை இல்லை என்றால் நாராயணப்பன் வேறு கடைக்குப் போவார். பொய் தகட்டில் ஏறும், ஆனால் தன் கையால் ஏறாது. தன் கை சுத்தமாக இருக்கும். அதுதான் தனக்கு வேண்டுமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

மறுநாள் முதல் ஷிப்ட் விடும் நேரத்தில் தொழிற்சாலை வாசல் டீக்கடையில் வெள்ளைச்சாமியைப் பிடித்தார்.

"லேபிளைப் பிச்சது நீங்களா?"

"நாந்தேன் பாய். போன வருசப் பரிசுக்கு வாங்குனதுல மீந்த மட்டை. மெதுவாப் பேசுங்க." வெள்ளைச்சாமி டீ கிளாஸோடு ஓரமாக வந்தார். "மேடையில ஏறி அச்சுப் பிரதின்னு சொன்னா எவன் கேப்பான்? எரநூறு ரூவா வந்திருக்காது. சென்றாயன் பேரு கம்பெனிப் பதிவுலயே கெடையாது, நஷ்டஈடும் வராது. வேற எங்கிட்டுப் போவான்? நான் அதுல ஒரு பைசா எடுத்தேனா, சொல்லுங்க."

"எடுக்கலை."

"பெறகென்ன? பணக்காரன்ட்ட இருந்து இல்லாதவனுக்குப் போயிருக்கு. அந்தாளுக்கும் சந்தோசம்."

"உங்க லீவ் ஃபாரம் இருக்குல்ல? அதை அவருக்குக் கொடுத்துடுங்க. அது அசல். நான் கண்ணாடி போட்டு ஃப்ரேம் பண்ணித் தரேன். அப்ப யாரும் ஏமாந்ததாகாது."

வெள்ளைச்சாமி டீயைக் கீழே வைத்துவிட்டார். "அதை மட்டும் கேக்காதீக. அஞ்சு மணி நேரம் கால் கடுக்க நின்னு வாங்குனது."

"ஊருக்கு அச்சு, உங்களுக்கு அசல்."

"ரொம்பப் பேசாதீக பாய். லேபிளை மைதா பசையில ஒட்டுனது யாரு? தண்ணி தொட்டுத் தடவுனேன், தோசை கணக்கா எந்திரிச்சு வந்துருச்சு. பிய்க்கிறதுக்குத்தான் ஒட்டியிருக்கீகன்னு நெனச்சேன்."

சொன்னவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் சொன்னது சரி.

அன்று மாலையே மட்டையை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். நாராயணப்பன் சமையல் கொட்டகையில் அண்டாக்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாகக் கூப்பிட்டு, மட்டை தன்னுடைய கடையில் அச்சிட்டது என்பதை ஜமீர் சொல்லிவிட்டார். புள்ளியைக் காட்டினார். லேபிள் இருந்த தடத்தைக் காட்டினார்.

நாராயணப்பன் அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தார் ஜமீர். அவர் கத்தவில்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் என் சம்சாரத்துக்கும் வெள்ளைச்சாமிக்கும்."

"இப்ப எனக்கும். நாலு பேரோட நிக்கட்டும். நீ பிளேட்டைப் போடு."

"அண்ணா..."

"காசு கேட்டனா உன்னை? கேஸ் போடறன்னு சொன்னனா? பொய்யின்னு தெரிஞ்சு நானே கேக்கறன். அப்புறம் உனக்கென்னா?"

"மண்டபத்துக்கு வர்றவங்க படிப்பாங்கண்ணா."

"அவனுங்க சோறு தின்ன வர்றானுங்க. அந்தக் கையெழுத்து அசலா நகலான்னு தெரிஞ்சு அவனுங்களுக்கு என்னா ஆகப் போவுது?"

"என்னால போட முடியாதுண்ணா. மட்டையை நானே எடுத்துக்கறேன். பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்துடறேன்."

இதைக் கேட்டதும்தான் நாராயணப்பனுக்குக் கோபம் வந்தது. "உன் பணம் யாருக்கு வேணும்? ஊரே கை தட்டுச்சு பாய். இப்ப மட்டையைக் காணோம்னா என்னா சொல்றது? மூணு வருசமா கையெழுத்து போட்டு வித்தவன் நீ. அந்தக் கையெழுத்துக்குக் கீழ ரெண்டு வரி எழுத மட்டும் உனக்கு நாணயம் வந்துடுச்சா?" மட்டையைப் பிடுங்கிக்கொண்டார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம். பிளேட் வரலைன்னா நேரா சென்றாயன் வீட்டுக்குப் போவேன். பொய்ச் சாமான் காட்டி வாங்கின பணம், திருப்பிக் கொடுன்னு கேப்பேன். அவன் வயித்துல அடிக்கறது நான் இல்லை, நீ. யோசிச்சுக்க."

கடைக்குத் திரும்பிய ஜமீர் பித்தளைத் தகட்டை எடுத்து வெட்டி வைத்தார். இதை அவர் மறைக்கவில்லை. வெட்டி, தேய்த்து, காகிதத்தில் இருந்த வரிகளை ஃபிலிமில் ஏற்றியும் விட்டார். அமிலத்தில் முக்கி எழுத்தைச் செதுக்குவதுதான் பாக்கி. இத்தனை நாளும் வாங்கியவரைப் பற்றியும் தன்னைப் பற்றியும் மட்டுமே யோசித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்ததாகச் சொன்னார். நாராயணப்பனிடம் போய் உண்மையைக் கொட்டியபோது சென்றாயன் அவர் நினைவிலேயே இல்லை. அவரைப் பார்த்ததே கிடையாது. உண்மை சொல்வதற்குத் தைரியம் மட்டும் போதும் என்று நினைத்திருந்தார். அதற்கான விலை வேறொருவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் டி.வி.எஸ். ஃபிப்டியை எடுத்துக்கொண்டு சென்றாயனைத் தேடிப் போனார். சானமாவில் யானைக் கூட்டம் ரோட்டோரம் நின்றதால் பாரஸ்ட் ஆட்கள் முக்கால் மணி நேரம் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இது கடவுள் கொடுக்கிற சந்தர்ப்பம், திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு முறை தோன்றியதாம்.

சென்றாயனுக்கு முப்பது வயது இருக்கும். இடது கையால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மருத்துவமனைச் செலவு போக மிச்சத்தில் வாங்கிய கறவை மாடு. மனைவி ராஜாத்தி அவசரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடிக்கொண்டு வந்து போட்டார். ஜமீர் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். பிளேட் போட்டால் யாரும் உன்னிடம் வர மாட்டார்கள், போடாவிட்டால் நாராயணப்பன் வருவார், உன்னைக் கேட்காமல் நான் எதுவும் செய்யக் கூடாது என்று வந்தேன் என்றார்.

சென்றாயன் தண்ணீர்ப் பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"எனக்கு அப்பவே தெரியுங்க பாய்."

"என்னா தெரியும்?"

"இதே மாதிரி மட்டை வந்த பொட்டியை வண்டியில இருந்து எறக்கி கிளப் ரூம்ல வச்சதே நான்தான். மூணு வருசத்துக்கு முன்னாடி. வெள்ளைச்சாமி சார் ஒன்னொன்னா எடுத்து அடுக்கினாரு. பதினாறு மட்டை, பதினாறுலயும் ஒரே மாதிரி எழுத்து. பின்னாடி லேபிள். எனக்குத் தமிழ் படிக்க வரும்ங்க."

ராஜாத்தி புருஷனை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இது புதிது. "எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். சென்றாயன் அவரைப் பார்க்கவில்லை.

"மாடு வாங்கினன்னிக்கே சொல்லியிருப்பேன். அப்புறம் பால் நல்லா கறந்துச்சு." பக்கெட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, "பிளேட் போடாதீங்க. வாங்க, நானே வந்து சொல்றேன்" என்றார்.

"அவர் பணத்தைக் கேப்பார் சென்றாயா."

"கேக்கட்டும்ங்க. கேக்க மாட்டாருன்னு நெனச்சுக்கிட்டே எத்தனை நாளைக்குப் படுக்கறது?"

வண்டியின் பின்னால் உட்கார்ந்து சென்றாயன் வந்தார். மண்டபத்தில் சீரியல் பல்புகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் சுவரில் மட்டை மாட்டியிருந்தது. அதற்குக் கீழே பிளேட்டுக்காக நான்கு திருகுகள் ஏற்கெனவே முடுக்கி வைத்திருந்தார்கள்.

நாராயணப்பன் இருவரையும் பார்த்ததும், "பிளேட் எங்க?" என்றார். பிறகு கட்டுப்போட்ட கையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இவனை எதுக்குய்யா இழுத்துட்டு வந்தே?"

"நானாத்தான் வந்தன்ங்க" என்றார் சென்றாயன். பெட்டி இறக்கியதைச் சொன்னார். "மேடையில உக்காந்திருந்தப்ப எனக்குத் தெரியும். வாயைத் திறக்கலை."

"ஏன்டா?"

"வலிங்க." சென்றாயன் நிறுத்தினார். "இல்லீங்க. வலி இல்லை. விலை ஏறிக்கிட்டே போச்சு. நீங்க ஒவ்வொரு தடவை கையைத் தூக்கறப்பவும் எனக்கு நல்லா இருந்துச்சு."

பல்பு கட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாராயணப்பன் அவர்களை ஒரு முறை முறைத்ததும் திரும்ப ஏணியில் ஏறினார்கள்.

"ஆசுபத்திரிக்குப் போனது போச்சுங்க. மாடு நிக்குது. பிடிச்சுட்டு வரட்டுங்களா?"

"மாட்டை வச்சுக்கிட்டு நான் என்னாடா பண்றது? மண்டபத்துல கட்டறதா?" நாராயணப்பன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு ஏலம் முடிஞ்சதும் என்னைப் பார்த்து அந்தக் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் கும்பிட்டியேடா. அதுக்கப்புறம் எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரலை. சந்தோசத்துல."

"கும்பிட்டது பொய்யில்லீங்க."

நாராயணப்பன் எழுந்தார். மட்டையைக் கொக்கியிலிருந்து கழற்றி, ஜமீரிடம் நீட்டாமல் சென்றாயனின் இடது கையில் திணித்தார்.

"எடுத்துட்டுப் போ. என் கண்ணுல படக் கூடாது. பாய், நீயும் போ. இனிமே என் லாரிக்கு நம்பர் எழுதக்கூட இங்க வந்து நிக்காதே."

பணத்தை அவர் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்துக்கு வந்த மச்சான்கள் மட்டை எங்கே என்று கேட்டபோது, கண்ணாடிப் பெட்டி செய்ய பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று சொன்னாராம். நான் அவரைக் குறை சொல்லப் போவதில்லை. ஒரு மனிதர் ஒரே வாரத்தில் எல்லாப் பொய்யையும் விட்டுவிட முடியாது.

ஜமீர் கடைக்கு வந்து பழைய சல்லடையில் இருந்த கையெழுத்தைக் கரைத்துவிட்டார். புதிதாக ஒன்று செய்தார். கையெழுத்தின் மேலேயே, அதே மையில், 'பிரதி' என்ற சொல்லும் சேர்ந்து விழும்படி. அதைப் பிய்க்க முடியாது, சுரண்டினால் கையெழுத்தும் போய்விடும். பெங்களூர்க் கடைக்காரர் முதல் பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பினார். வார இதழ் விளம்பரத்துக்கு வந்துகொண்டிருந்த கடிதங்கள் ஐந்து மாதத்தில் நின்றுபோயின. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு லேபிளைப் பிய்க்கிற உத்தேசம் இருந்தது என்பதற்கு அதை விட நல்ல கணக்கெடுப்பு கிடையாது. அத்தோடு அந்த வேலையை விட்டார். நாராயணப்பனின் லாரி வேலையும் மண்டப வேலையும் போனதில் அந்த வருடம் ஒரு உதவியாளரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டி வந்தது.

இதற்காக அவரைப் பாராட்டலாம்தான். ஆனால் அந்தச் சொல்லை முதல் நாளே கையெழுத்தின் மேல் அச்சிட்டிருக்க முடியும். புள்ளியை அடைக்காமல் விட்ட நாளில் முடியும், மைதா காய்ச்சிய நாளில் முடியும். அந்த வீரருக்கு மறுபடி கடிதம் எழுதினாரா என்று கேட்டேன். இல்லை என்றார். வெட்கமாக இருக்கிறது என்றார். வெட்கம் கடிதம் எழுதுவதற்குக் காரணமாக இருக்க வேண்டுமே தவிர, எழுதாமல் இருப்பதற்கு அல்ல. இதையும் அவரிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டார். எழுதவில்லை.

மறு வருடம் ரமலானுக்கு முன்னால், நோன்பு மாதத்துக்குப் பால் சொல்லி வைக்க வேண்டும் என்று சென்றாயன் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் உடன் போனேன். இப்போது இரண்டு மாடுகள் இருந்தன. சென்றாயன் இடது கையாலும், மிச்சமிருக்கிற இரண்டு விரலாலும் கறக்கப் பழகியிருந்தார். பாலை அளந்து ஊற்றும்போது ஒரு சொட்டு சிந்தவில்லை.

பின்பக்கம் போர்வெல் தொட்டியிலிருந்து பலமான சத்தம் வந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தோம். ராஜாத்தி துவைகல்லில் ஜமுக்காளத்தைப் போட்டு அந்த மட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். மட்டையின் ஓரங்கள் நார் நாராக விட்டிருந்தன. சோப்பு நுரைக்கு நடுவே கருநீலக் கையெழுத்து மட்டும் ஒரு கோடு குறையாமல் இருந்தது. பேனாவால் எழுதியதாக இருந்தால் முதல் துவைப்பிலேயே கரைந்து போயிருக்கும்.

எங்களைப் பார்த்ததும் ராஜாத்தி மட்டையை நிமிர்த்திக் காட்டினார். "இது யாரு பேருங்க பாய்? எவ்வளவு அடிச்சாலும் அழிய மாட்டேங்குது."

ஜமீர் அந்த வீரரின் பெயரைச் சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே, "பேருதான் அவரோடது. எழுத்து நான் போட்டது" என்றார்.

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ராஜாத்தி ஜமுக்காளத்தைப் புரட்டிப் போட்டு அடித்தார்.